ஒலிக்குறியும் கழுத்தட்டையும்: தைவான் குழந்தைகள் மாண்டரின் கற்ற வரலாறு

1948 அக்டோபர் 25 அன்று தைப்பெய் நகரில் 'குவோயூ ரிபாவ்' என்ற நாளிதழ் வெளிவரத் தொடங்கியது. 'தேசிய மொழி நாளிதழ்' என்பது பெயரின் பொருள். அதில் அச்சான ஒவ்வொரு சீன எழுத்தின் வலப்பக்கத்திலும் அதன் ஒலிப்பைக் காட்டும் சிறு குறிகள் இருந்தன. பின்வந்த பத்தாண்டுகளில் அதே தீவின் தொடக்கப் பள்ளிகளில் இன்னொரு பொருளும் புழக்கத்துக்கு வந்தது. அது, வீட்டு மொழியில் பேசி அகப்பட்ட குழந்தையின் கழுத்தில் மாட்டப்பட்ட அட்டை. ஒலிக்குறி, கழுத்தட்டை ஆகிய இரண்டின் நோக்கமும் குழந்தைகளை மாண்டரின் பேசவைப்பதே. சிறார்க்கான மாண்டரின் வகுப்பு ஈர்ப்புடையதாகவும் பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும் என்று இன்று பேசுவோர், இவ்விரு கருவிகளின் வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. மக்களுள் பெரும்பாலோரின் வீட்டு மொழி ஹொக்கியன். அடுத்த நிலையில் ஹக்கா. தீவின் தொல்குடிகள் ஆஸ்திரோனேசிய மொழிகளைப் பேசினர். மாண்டரின் பெரும்பாலும் எவர் வீட்டிலும் ஒலிக்கவில்லை. ஜப்பானியப் பள்ளிகளில் 'தேசிய மொழி' என்ற பாடம் இருந்தது. அதைக் குறிக்கும் இரண்டு சீன எழுத்துகளை ஜப்பானியர் 'கொகுகோ' என்று படித்தனர். பொருள் ஜப்பானிய மொழி. 1945க்குப் பிறகும் அதே இரண்டு எழுத்துகள் கரும்பலகையில் நின்றன. இப்போது அவற்றை 'குவோயூ' என்று படிக்க வேண்டும், பொருள் மாண்டரின். ஒரே குழந்தை ஓரிரு ஆண்டு இடைவெளியில் இரண்டு 'தேசிய மொழி'களைக் கற்கத் தொடங்கியது. இரண்டும் அதன் தாய்மொழி அல்ல.

1946 ஏப்ரலில் தைவான் மாகாணத் தேசிய மொழி பரப்புக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் வெய் ஜியன்கொங் மொழியியலாளர். துணைத் தலைவர் ஹே ரோங் இலக்கண அறிஞர். வெய் வகுத்த வழி இன்றைய வாசகரை வியக்கவைக்கும். முதலில் தைவான் மொழியை மீட்க வேண்டும். பிறகு அதனோடு ஒப்பிட்டு மாண்டரினைக் கற்பிக்க வேண்டும் என்பதே அவ்வழி. அதற்கு ஒலியியல் அடிப்படை உண்டு. 'நாடு' என்னும் எழுத்து ஹொக்கியனில் 'கொக்', மாண்டரினில் 'குவோ'. 'கற்றல்' என்னும் எழுத்து ஹொக்கியனில் 'ஹாக்', மாண்டரினில் 'ஷ்யுவே'. சொல்லிறுதியில் நின்ற பழைய ககர மெய்யை ஹொக்கியன் காத்துக்கொண்டது, மாண்டரின் இழந்துவிட்டது. இத்தகைய ஒழுங்கான மாற்றங்களை அறிந்த ஆசிரியர், குழந்தை ஏற்கெனவே அறிந்த நூற்றுக்கணக்கான சொற்களைப் புதிய மொழிக்கான படிகளாக ஆக்கிக்கொள்ளலாம். இவ்வழியில் வீட்டு மொழி பிழை அன்று; மூலதனம்.

ஆசிரியர்களே கற்றுக்கொண்டே கற்பித்த காலம் அது. பெய்ஜிங் ஒலிப்பில் தேர்ந்த ச்சி தியெஹென் பாடநூல் பகுதிகளை வானொலியில் படித்துக்காட்டினார். அதைக் கேட்டுத் தம் ஒலிப்பைச் சீர்செய்துகொண்டு ஆசிரியர்கள் வகுப்புக்குச் சென்றனர். வானொலி ஆசிரியருக்குச் செய்ததை நாளிதழ் குழந்தைக்குச் செய்தது. அதில் பயன்பட்ட ஜூயின் ஒலிக்குறிகளை 1913இல் பெய்ஜிங்கில் கூடிய ஒலிப்பு ஒருமைப்பாட்டுக் குழு வகுத்தது. 1918இல் அரசு அறிவித்தது. இன்று வழக்கில் உள்ளவை 37. முதல் தொனி நீங்கலாக ஏனைய தொனிகளுக்கும் தனிக் குறி உண்டு. தைவானில் முதல் வகுப்புக் குழந்தை ஏறத்தாழ முதல் பத்து வாரங்கள் இக்குறிகளையே கற்கிறது.

அந்தப் பத்து வாரங்களின் விளைவு பெரிது. நாளிதழ் படிக்கச் சில ஆயிரம் சீன எழுத்துகளேனும் தெரிய வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தை அதுவரை பாடநூலின் மிக எளிய வரிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். பக்கத்தில் ஒலிக்குறி இருந்தால் தெரியாத எழுத்தையும் வாய்விட்டுப் படிக்கலாம். கதையின் சுவை முன்னே இழுத்துச் செல்ல, எழுத்துகள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டு மனத்தில் பதியும். வீட்டில் மாண்டரின் அறிந்தவர் எவரும் இல்லாத குழந்தைக்கு அத்தாளே இரண்டாம் ஆசிரியர். பல்லாண்டுகள் அந்நாளிதழில் பணியாற்றிய லின் லியாங் தைவான் சிறார் இலக்கியத்தின் முன்னோடியாக மதிக்கப்படுவதும் தற்செயல் அன்று. கற்பித்தல் கருவிக்குப் படிக்கத் தகுந்த கதைகள் தேவைப்பட்டன. அத்தேவை எழுத்தாளர்களை வளர்த்தது.

வெய்யின் பாலம் நெடுநாள் நிற்கவில்லை. 1947 பிப்ரவரி 28 எழுச்சியும் அதைத் தொடர்ந்த படுகொலைகளும் அரசுக்கும் தீவு மக்களுக்கும் இடையே ஆழ்ந்த பிளவை உண்டாக்கின. வெய் பெய்ஜிங் திரும்பினார். 1953இல் அங்கு வெளிவந்த 'ஷின்ஹுவா' அகராதியின் பணியைத் தலைமையேற்று நடத்தினார். தைவானில் 1949இல் இராணுவச் சட்டம் வந்தது. ஹொக்கியனும் ஹக்காவும் மாண்டரினுக்கு இட்டுச்செல்லும் வழிகள் என்ற கருத்து மறைந்து, அவை நாட்டின் ஒற்றுமைக்குத் தடைகள் என்ற கருத்து வலுப்பெற்றது. கழுத்தட்டை இந்த மனநிலையின் குழந்தை.

அட்டை இயங்கிய விதம் எளிது. வீட்டு மொழியில் பேசிய குழந்தை அதை அணிய வேண்டும். அடுத்துப் பேசும் குழந்தையைக் கண்டுபிடித்தால் அதன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். அபராதம், வெயிலில் நிற்கவைத்தல், பிரம்படி ஆகியவையும் பல பள்ளிகளில் உடன்வந்தன. இது தைவானின் கண்டுபிடிப்பு அன்று. ஒகினாவாவின் ஜப்பானியப் பள்ளிகளிலும், அதற்கு முன்பே வேல்ஸிலும் பிரான்சின் பிரெத்தோன் பகுதியிலும் இதே உத்தி இருந்தது. எல்லா இடங்களிலும் அது தண்டனையோடு நிற்காமல் குழந்தைகளை ஒருவர்மீது ஒருவர் ஒற்றறியவும் செய்தது. ஆசிரியர் இல்லாத விளையாட்டுத் திடலிலும் ஆசிரியரின் காது இருந்தது.

எனினும் அந்தக் கண்டிப்பால்தானே மாண்டரின் தீவெங்கும் பரவியது என்று வாதிடுவோர் உண்டு. மாண்டரின் பரவியது உண்மை. ஆனால் அட்டையில் மாண்டரின் ஒலி ஒன்றுகூட இல்லை. ஒலியைத் தந்தவை பாடநூலும் வானொலியும் ஒலிக்குறி அச்சிட்ட தாளும். ஹொக்கியனில் ஃபகரம் இல்லை. மாண்டரினின் வளைநா ஒலிகளும் இல்லை. அவற்றைப் பழகும் குழந்தை பலமுறை பிழையாகச் சொல்லித்தான் சரிக்கு வரும். தொனியும் அப்படியே. பிழைக்கு அஞ்சும் குழந்தை வாயைத் திறப்பதில்லை. வாய் திறவாத குழந்தையின் பிழையை ஆசிரியர் அறிய வழியில்லை. அட்டையின் உண்மையான விளைவு வீடுகளில் தெரிந்தது. தம் மொழி இழிவானது என்று பள்ளியில் கற்ற தலைமுறை, பெற்றோரானபோது அதைத் தம் பிள்ளைகளிடம் பேசத் தயங்கியது.

1987இல் இராணுவச் சட்டம் நீங்கியது. 1988 டிசம்பர் 28 அன்று ஹக்கா மக்கள் தம் தாய்மொழியைத் திருப்பித் தரக் கோரித் தைப்பெய்யில் ஊர்வலம் சென்றனர். 2001 முதல் தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழி வகுப்பு கட்டாயமானது. 2006 டிசம்பரில் பள்ளிகளில் உடல்சார் தண்டனையைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. 2019இல் நடைமுறைக்கு வந்த தேசிய மொழிகள் வளர்ச்சிச் சட்டம் அனைத்து மொழிகளுக்கும் சம மதிப்பை அறிவித்தது. 'தேசிய மொழி' என்ற சொல் இரண்டாம் முறையாகப் பொருள் மாறியது, இம்முறை பன்மையாக.

இந்தியாவில் 2019 தேசியக் கல்விக் கொள்கை வரைவு அயல்மொழிகளுள் சீனத்தையும் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது. 2020 இறுதி ஆவணத்தின் பட்டியலில் அது இல்லை. ஆயினும் சீனம் கற்க விரும்பும் இந்தியக் குழந்தைக்கு வெய்யின் பாலம் ஆயத்தமாகவே உள்ளது. பின்யின் முறையில் b என எழுதப்படும் ஒலி ஆங்கில ஒலி அன்று. 'பல்' என்னும் தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் மூச்சற்ற பகரமே அது. p என எழுதப்படுவது இந்தியின் மூச்சொலிப் பகரத்தை ஒத்தது. பஞ்சாபியும் மணிப்பூரியும் மிசோவும் தொனி மொழிகள். ஆங்கிலத்தின் வழியே கற்பிக்கும் ஆசிரியருக்கு இவற்றுள் எதுவும் கண்ணில் படாது.

அந்தப் பாலத்தில் ஏற, குழந்தை முதலில் தன் மொழியை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும். தாய்மொழியில் பேசினால் அபராதம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளிகள் நம் ஊர்களில் புதியன அல்ல. 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்சார் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மொழிக்கான அபராதம் அப்பிரிவுக்குள் வருமா என்பதைக் கல்வியாளரும் சட்ட அறிஞரும் சேர்ந்து ஆராய வேண்டும். விளையாட்டுகளும் வண்ணப் படங்களும் நிறைந்த வகுப்பிலும், வீட்டுச் சொல்லைச் சொன்னதற்காக ஒரு குழந்தை தலைகுனிய நேர்ந்தால், அது பாதுகாப்பான வகுப்பு ஆகாது.