குடிசை எனப்பட்ட பண்ணைவீடு

ஷேக்ஸ்பியரின் மனைவி வளர்ந்த இல்லமாக நாம் படங்களில் கண்டு பழகிய 'ஆன் ஹாத்தவே குடிசை' உண்மையில் குடிசையன்று. ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரியில், 90 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தோடு விளங்கிய பண்ணைவீடு அது.

அதன் பழம்பகுதி 15ஆம் நூற்றாண்டினது. தரையிலிருந்து கூரைமுகடு வரை வளைந்தெழுந்து கூடும் ஓக் மரச் சோடிகளே அதன் எலும்புக்கூடு. தொடக்கத்தில் கூடத்துக்கு மேல்தளம் கிடையாது, கூரைவரை வெற்றிடம். நடுவில் மூட்டிய நெருப்பின் புகை அவ்வெளியிலேயே சுழன்று வைக்கோற் கூரை வழியே கசிந்தது. புகைபோக்கி வந்த பின்னரே குறுக்கே தளமிட்டு மாடியறைகள் அமைக்க இயன்றது. (ஆங்கிலேயருக்கு மாடியைத் தந்தது புகைபோக்கிதான் எனலாம்!)

நம்மை உறுத்துவது வேறொன்று. திருமணம் நடந்தது 1582இல். மணமகனுக்கு வயது 18, மணமகளுக்கு 26. ஆனின் சகோதரர் பார்த்தலோமியூ வீட்டை விலைக்கு வாங்கியதோ 1610இல். இன்று உயர்ந்து தெரியும் பகுதி அதற்குப் பின் எழுந்தது. ஆக, வாழ்த்தட்டைகளில் நாம் வியக்கும் உருவத்தை அந்தக் காதலன் வந்து சென்ற நாளில் கண்டதில்லை.

இதைப் பொய்யென்று தள்ள நமக்கு மனமில்லை. உழவர் குடும்பம் பெருகியபோது வீடும் வளர்ந்தது. ஒரு புகைபோக்கியில் ஜான் ஹாத்தவே தம் பெயரின் முதலெழுத்துகளோடு 1697 என்று பொறித்திருக்கிறார். தாம் செய்த மாற்றத்தை அவர் மறைக்க எண்ணவில்லை. 1892இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வீட்டை வாங்கியது. 1969இல் தீ கூரையைச் சேதப்படுத்த, மீண்டும் வேய்ந்தார்கள்.