வீட்டில் மெட்டாலிக் பெயின்ட் அடித்தல்: பள்ளிக்கரணை வாகனங்களுக்கான மறுபூச்சு

மெட்டாலிக் பெயின்ட் என்பது நிறமியோடு மிக மெல்லிய அலுமினியச் செதில்கள் கலந்த வாகனப் பூச்சு. செதிலின் அகலம் பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரான். தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. செதில்கள் தட்டையாகப் படிந்தால் பரப்பு நேர்ப்பார்வைக்கு மினுங்கும், சாய்த்துப் பார்த்தால் இருளும். சாதா வெள்ளையிலோ சிவப்பிலோ கை சற்றுத் தடுமாறினாலும் நிறம் நிறமாகவே இருக்கும். மெட்டாலிக்கில் அப்படியில்லை. ஒரே டப்பா பெயின்ட்டை ஈரமாக அடித்தால் செதில்கள் நீந்திக் கண்டபடி சாய்ந்து நிறம் கருக்கும். உலர அடித்தால் வெளுக்கும். வீட்டில் அடிப்பவர் கற்க வேண்டியது முதலில் இதைத்தான்.

சென்னையின் தெற்கே சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளிக்கரணையில் இந்த வேலைக்குத் தேவை அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி வட்டாரத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. நீரில் நின்ற வண்டியில் துரு மெதுவாகத்தான் தலைகாட்டும். கதவின் அடிவிளிம்பிலும் மட்கார்டின் உட்புறத்திலும் பெயின்ட் கொப்பளித்த பிறகே கண்ணில் படும்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தல்

கண்ணால் பார்த்து நிறம் வாங்குவது வீண்செலவு. காரின் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் ஆலையின் நிறக் குறியீடு இருக்கும். மாருதி சுசூகியின் சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ் என்பது போல. குறியீட்டைக் கொடுத்தால் கலவைக் கடையில் எடைபோட்டுக் கலந்து தருவார்கள். ஆனாலும் ஒரே குறியீட்டுக்கு ஆலைக்கு ஆலை, ஆண்டுக்கு ஆண்டு சிறு வேறுபாடு உண்டு. வெயிலில் நின்ற வண்டியின் நிறமும் மாறியிருக்கும். அதனால் ஒரு தகட்டுத் துண்டில் அடித்து, மேலே நிறமற்ற கிளியர் கோட்டும் போட்டு உலரவிட்டு, வண்டியோடு ஒட்டி வைத்து வெயிலிலும் நிழலிலும் சாய்த்துப் பார்க்க வேண்டும். கிளியர் இல்லாத பேஸ் கோட்டை, அதாவது வெறும் நிறப்பூச்சை, வைத்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது.

வெள்ளி நிறம்தான் எல்லாவற்றிலும் கடினம். மறைக்க வேறு நிறமி இல்லாததால் செதிலின் ஒவ்வொரு பிசகும் வெளியே தெரியும். முதன்முறை அடிப்பவருக்கு அடர்சாம்பலோ கருநீலமோ கைகொடுக்கும். வேண்டிய அளவு முழுவதையும் ஒரே கலவையாக வாங்கிவிடுவது நல்லது. பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் பைக் டேங்க் ஒரு நிறமாகவும் சைடு பேனல் ஒரு நிறமாகவும் நிற்கும்.

நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

நீரும் ஈரக்காற்றும்

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் இதை மறக்கவே கூடாது: அந்த நீரில் கடைசியாக அலசி உலர்த்தினால் தகட்டில் உப்பு தங்கும். பெயின்ட்டுக்கு அடியில் சிக்கிய உப்பு ஈரத்தை உறிஞ்சும்; சில மாதங்களில் மேலே சிறு கொப்புளங்கள் எழும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்த வேண்டும்.

பள்ளங்களை நிரப்பும் பட்டியும் ஈரம் குடிக்கும். பாலியஸ்டர் பட்டி நுண்துளைகள் கொண்டது. அதைத் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருந்தாலும், சதுப்பை ஒட்டிய இந்த ஊரில் அது தவறான வழி. 180-ஆம் எண்ணில் தொடங்கி 320 வரையான உப்புத்தாளால் உலரவே தேய்த்து, வெறும் தகடு தெரியும் இடங்களில் எபாக்சி பிரைமரும் அதன்மேல் பி.யு. பிரைமரும் அடிக்க வேண்டும். பிரைமரை 600-ஆம் எண் தாளால் தேய்த்தபின் மெழுகு நீக்கியால் துடைத்தால் பரப்பு தயார்.

தின்னர் ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். காற்று 28 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால், தகடு ஏறத்தாழ மூன்று டிகிரி குளிர்ந்தாலே அதில் பனி படியத் தொடங்கும். அந்த ஈரம் பெயின்ட்டில் கலந்து பால் போலப் பூத்து நிற்கும். விலை குறைந்த, வேகமாக உலரும் தின்னரில் இது சீக்கிரம் நேரும். கோடையில் அதே தின்னர் வேறு விதமாகக் கெடுக்கும்: துளிகள் தகட்டைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகப் படியும். எனவே இந்த ஊருக்கு மெதுவாக உலரும் தின்னரே பொருத்தம். மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையைத் தவிர்த்துத் தள்ளிப்போடலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பனி விலகிய பிறகு, கடற்காற்று தொடங்குமுன் உள்ள முற்பகலே நல்ல நேரம். அந்திக்குப் பின் விளக்கைப் போட்டு அடித்தால் பூச்சிகள் கிளியரில் ஒட்டிக்கொள்ளும்.

அடிக்கும் முறை

அடியில் தங்கிய செதில்கள் கலையும்வரை டப்பாவை நன்றாகக் கலக்கி, வடிகட்டி, உற்பத்தியாளர் சொன்ன அளவில் தின்னர் சேர்க்க வேண்டும். ஸ்ப்ரே கன்னில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில் போதும். கன்னைத் தகட்டுக்குச் செங்குத்தாக, 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றினால் ஓரங்கள் வெளுத்து நடுவில் கருக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் முக்கால் பங்கின் மேல் விழ வேண்டும். பாதிதான் விழுந்தால் புலித்தோல் போலக் கோடுகள் தெரியும்.

இரண்டு மிதமான கோட், ஒவ்வொன்றுக்கும் இடையே 10 முதல் 15 நிமிடம். பளபளப்பு முற்றிலும் மங்கிய பிறகே அடுத்த கோட். கடைசியாக, கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடிக்கும் மென்தூவல் கோட்தான் முழு வேலையையும் காப்பாற்றுவது. செதில்களை ஒரே சீராக்கி, கருமைத் திட்டுகளை அது மறைத்துவிடும். பேஸ் கோட்டில் தூசு விழுந்தால் தேய்க்கலாம், ஆனால் தேய்த்த இடத்தில் மறுபடி பேஸ் அடிக்காமல் கிளியருக்குப் போகக் கூடாது. உரசிய செதில் கறையாகவே தெரியும்.

கிளியர் கோட்டில் ஹார்ட்னர் கலந்த டூ-கே வகையே சிறந்தது. சாதாரண ஸ்ப்ரே கேனில் வரும் கிளியர், பைக் டேங்க் மூடியில் பெட்ரோல் சிந்திச் சிந்தி இளகிவிடும். ஆனால் டூ-கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூவல் மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு சிறிதளவே போதும், மூச்சு முட்டும். துணி முகமூடியோ என்-95 முகமூடியோ ஆவியைத் தடுக்காது. வெளிக்காற்றுக் குழாய் இணைந்த முகமூடிதான் முறையான பாதுகாப்பு. அது கிடைக்காத வீட்டில், குறிப்பாகக் குழந்தைகள் நடமாடும் அடுக்குமாடி பார்க்கிங்கில், டூ-கே கிளியர் அடிக்கவே கூடாது. பேஸ் வரை வீட்டில் முடித்து, உற்பத்தியாளர் குறித்த நேரத்துக்குள் பட்டறையில் கிளியர் போட்டுக்கொள்வது நியாயமான வழி.

எதை வீட்டில் செய்யலாம்?

பைக் டேங்க், சைடு பேனல், ஸ்கூட்டர் மட்கார்டு, கண்ணாடி மூடி ஆகியவை வீட்டு வேலைக்கு ஏற்றவை. கழற்றித் தொங்கவிட்டு அடிக்கலாம், பக்கத்துப் பேனலோடு நிறம் பொருந்த வேண்டிய நெருக்கடியும் குறைவு. கார் கதவில் அடித்தால் அருகிலுள்ள பேனல் வரை நிறத்தைக் கரைத்துவிட வேண்டும். பானெட்டும் கூரையும் அகலமான கிடைப்பரப்பு. இவற்றைப் பட்டறைக்கே விடலாம். கை பழகாதவர் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பழைய டேங்க்கை வாங்கி அதில் அடித்துப் பழகிய பின் சொந்த வண்டியைத் தொடலாம்.

கன்னைக் கழுவிய தின்னரைத் தெரு மழைநீர் வடிகாலில் ஊற்ற வேண்டாம். இந்த ஊரின் வடிகால் நீர் போய்ச் சேரும் சதுப்பு நிலம், 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புள்ளது. எஞ்சிய தின்னரை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, காலி டப்பாக்களோடு தனியாகக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின.