எச்சரிக்கையை மீறிய இரு முடிவுகள்

1969 ஜூலை 20, ஹூஸ்டன். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. இரண்டு நாளிலும் கணினி எச்சரித்தது. இரண்டு நாளிலும் மனிதர்கள் அதை மீறினார்கள். முன்னதில் விண்கலம் நிலவில் இறங்கியது, பின்னதில் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. எனவே ஒன்றைத் துணிச்சல் என்றும் மற்றதை அவசரம் என்றும் சொல்லிவிடுவது எளிது. விளைவைச் சற்று மறந்துவிட்டு, முடிவெடுத்த கணத்தில் அவரவர் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் இருந்த 26 வயது ஸ்டீவ் பேல்ஸிடம் நேரம் இல்லை. 1202 என்றொரு எச்சரிக்கை எண், நிலவை நோக்கி இறங்கிக்கொண்டே அதற்கு விளக்கம் கேட்கும் ஆம்ஸ்ட்ராங்கின் குரல், அவ்வளவுதான். ஆனால் பின்னறையில் 24 வயது ஜாக் கார்மன் இருந்தார். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கையால் எழுதிய பட்டியல் ஒன்று இருந்தது. சில நாட்களுக்கு முன் ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கையைக் கண்டு பேல்ஸ் தரையிறக்கத்தையே ரத்து செய்திருந்தார். அது தேவையற்ற ரத்து என்று தெரிந்ததும், எல்லா எச்சரிக்கைகளுக்கும் விடை தயாராக வேண்டும் என்றார் பறப்பு இயக்குநர் ஜீன் கிரான்ஸ். அப்படிப் பிறந்த பட்டியல் அது.

ஸ்ரீஹரிகோட்டாவில் திட்ட இயக்குநர் அப்துல் கலாமிடம் பட்டியல் இல்லை, நேரம் இருந்தது. எஸ்.எல்.வி.-3 ராக்கெட் இன்னும் தரையில்தான் நின்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருந்தாலும் எரிபொருள் கையிருப்பு போதும் என்று வல்லுநர்கள் கணக்கிட்டுச் சொல்ல, அவர் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார்.

வியப்பு இங்கேதான். கோளாறின் மூலகாரணம் அந்த நேரத்தில் இரு தரப்புக்கும் தெரியாது. ராடாரால் கணினிக்கு வந்த சுமை அங்கே பிறகுதான் புரிந்தது. வால்வை மூடவிடாத தூசி இங்கே பிறகுதான் தெரிந்தது. இருவரும் விடை தேடியது ஒரே கேள்விக்கு: மிச்சம் இருப்பது போதுமா?

பிரிவது அடுத்த அடியில். ஹூஸ்டனின் சம்மதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: எச்சரிக்கை ஓயாமல் வந்தால் மறுபரிசீலனை. பற்றவைத்த ராக்கெட்டைத் திரும்ப அழைக்க முடியாது. அதைவிட முக்கியம், நிறுத்தினால் ஹூஸ்டன் இழப்பது தரையிறக்கத்தையே. ஸ்ரீஹரிகோட்டா இழப்பதோ சில நாட்களை. கலாமின் துணிச்சலில் நான் குறை காணவில்லை. காத்திருப்பு மலிவாக இருந்த இடத்தில் காத்திராததே குறை.

அமெரிக்க அதிபர் நிக்சன் வழங்கிய விருதைக் குழுவின் சார்பில் பெற்றவர் இளைஞர் பேல்ஸ். ஸ்ரீஹரிகோட்டாவின் தோல்விக்குச் செய்தியாளர் முன் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளரிடம் பேசக் கலாமை அனுப்பியவரும் அவரே.