பஞ்சப்படி: சோற்றுக்குக் கணக்கு உண்டு, வாடகைக்கு?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவங்க வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் 'பஞ்சப்படி' புதுச் சொல் இல்லை. அரசு ஆணைகள் இதையே அகவிலைப்படி என்கின்றன. அகவிலை என்றால் தானிய விலை. பஞ்சம், தானியம் என்று இரண்டு பெயரும் சோற்றைத்தான் சுற்றுகின்றன. வாழ்க்கைச் செலவு என்றாலே முதலில் சாப்பாடு என்று இருந்த காலத்தின் சொற்கள் இவை. அந்தக் கணக்கு பிறகு எப்படி வளர்ந்தது என்று பார்க்கலாம்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு குடும்பத்தின் தேவையைப் பட்டியலாகவே எழுதியது. தொழிலாளி, மனைவி, இரண்டு பிள்ளைகள். சாப்பாட்டுக் கணக்கில் இவர்கள் மூன்று பெரியவர்களுக்குச் சமம். ஒரு பெரியவருக்கு நாளைக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் உள்ள குறைந்தபட்ச வீட்டுக்கான வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு 20 சதவீதம்.

அதற்குப் பிறகுதான் நம்ம பக்கம் தொழிற்சாலைகள் பெருகின. 1961இல் ஆவடி டாங்கி தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் எஸ்டேட். டாங்கி தொழிற்சாலைக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. எஸ்டேட்டின் சின்னப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் வாடகை வீடு தேடினார்கள். அரசு வீட்டுத் திட்டத்தை வைத்துப் போட்ட வாடகைக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தவில்லை.

அந்தப் பட்டியலை நீட்டியதும் ஒரு மெட்ராஸ் வழக்குதான். ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்து கம்பெனியின் மெட்ராஸ் தொழிற்சாலையில் சுமார் முப்பது வருஷமாக இருந்த பஞ்சப்படி முறையைக் குறைக்கலாமா என்று தகராறு. 1991இல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, கல்யாணம், முதுமை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலியில் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. சோற்றில் ஆரம்பித்த கணக்கு கல்யாணச் செலவு வரை வந்துவிட்டது.

ஆனால் வீடு? தொழிற்துறைத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டைப் பாருங்கள். 1982ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் உணவின் பங்கு 57 சதவீதம், வீட்டின் பங்கு 8.67. 2016 வரிசையில் உணவு 39.17, வீடு 16.87. வீட்டின் பங்கு இரட்டிப்பு ஆனது உண்மை. ஆனாலும் இது சொந்த வீட்டுக்காரர், குவார்ட்டர்ஸ்காரர், வாடகைக்காரர் எல்லோரையும் கலந்த அகில இந்திய சராசரி. ஒரு பேச்சுக்கு, பதினைந்தாயிரம் சம்பளத்தில் ஆறாயிரம் வாடகை கொடுப்பவருக்கு அது 40 சதவீதம். வாடகை ஏறினால் அவருக்கு விழும் அடி, குறியீட்டில் பாதிகூடத் தெரியாது.

அட்வான்ஸ் இன்னொரு சுமை. திரும்பி வரும் பணம் என்பதால் குறியீட்டில் அதற்கு இடமே இல்லை. சென்னை வழக்கப்படி பத்து மாச வாடகை என்றால், மேலே சொன்னவருக்கு நாலு மாசச் சம்பளம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாசம்தான் என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அந்த வரம்பு இல்லை. அவசரமாக வீடு தேடுகிறவர் எந்த ஒப்பந்தத்துக்கு மாட்டேன் என்பார்?

காலையில் திருநின்றவூர், வேப்பம்பட்டு பக்கமிருந்து பட்டரவாக்கத்தில் வந்து இறங்கும் கூட்டத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். கொடுக்க முடியாத வாடகையை அவர்கள் ரயில் நேரமாகக் கொடுக்கிறார்கள். வீட்டில் பழைய சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். பஞ்சப்படி எவ்வளவு, வீட்டு வாடகைப்படி எவ்வளவு, அந்த மாசம் கொடுத்த வாடகை எவ்வளவு என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.