மெட்ராஸில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார் (கிட்டத்தட்ட!)

நம்ம ஆளுங்க பாதி பேருக்கு ஒரு ரகசியக் கனவு உண்டு. ஓட்டை உடைசலா ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை சல்லிசா வாங்கி, சனி ஞாயிறு கையில கிரீஸ் பூசிக்கிட்டு, ஒருநாள் அதை உறும விடணும். இங்கிலாந்துல இருக்கிறவனுக்கு இது சுலபம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒண்ணைத் தேடிப் பிடிப்பான். தேனாம்பேட்டையில வாடகை வீட்ல இருந்துக்கிட்டு பொட்டி தட்டுற நான் எங்கே போறது?

பெருங்களத்தூருக்குப் போகணும். ஆனா ஐம்பது அறுபது வருஷம் முன்னாடி :-)

அண்ணாசாலையில தெற்கே இறங்கி, சைதாப்பேட்டை, கிண்டி தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சா, வண்டலூருக்கு முன்னாடி வர்ற ஊர். 1948-ல் தொடங்கின 'ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' கார் செஞ்ச இடம். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்ட். லைசென்ஸ் ராஜ் காலத்துல நமக்குக் கிடைச்ச கார்கள் அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் காருக்கெல்லாம் அங்கே ஏது இடம்?

ஆனா 1961-லிருந்து இங்கே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கே, அது ஸ்பிட்ஃபயருக்கு சொந்த அண்ணன். ரெண்டையும் வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிகெலோட்டி. 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டோட சேஸிஸைக் குறுக்கி, சக்கரங்களுக்கு நடுவில எட்டரை அங்குலம் கம்மி பண்ணி, 1962-ல் ஸ்பிட்ஃபயரை இறக்கினாங்க. முன்பக்கம் மொத்த பானெட்டும் மட்கார்டோட சேர்ந்து முதலை வாய் மாதிரி திறக்கும் பாருங்க, அது ரெண்டுக்கும் பொது. நம்மூர் ஹெரால்டில் இருந்தது 948 சி.சி. எஞ்சின். ஸ்பிட்ஃபயர் 1147 சி.சி.யில் தொடங்குச்சு. வேகம் கம்மிதான். ஆனாலும் சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல நடந்த ரேஸ்கள்ல ஹெரால்டும் ஓடியிருக்கு.

இப்ப மேட்டருக்கு வருவோம். இந்தக் காரை ஏன் மெட்ராஸ்ல செய்ய முடிஞ்சது? ஏன் இன்னிக்கும் பிரிச்சு மேய முடியுது? ரெண்டுக்கும் காரணம் ஒண்ணே: ஒரு பிசினஸ் சண்டை.

இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-ல் வாங்கிடுச்சு. முழு பாடியை ஒரே இடத்துல செஞ்சு தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டா வேற வேற இடத்துல அடிச்சு, தனி சேஸிஸ் மேல நட்டு போல்ட்டுல முடுக்கிடுவோம்னு முடிவு பண்ணாங்க. பக்கத்து வீட்டுக்காரன் எல்லாம் ஒரே தகர டப்பாவா பற்றவைச்சு கார் செஞ்ச காலத்துல இது பழைய முறை. ஆனா துண்டுகளைப் பெட்டியில போட்டு கப்பல் ஏத்தி, எங்கே வேணாலும் பூட்டலாமே! பெரிய பிரஸ் மெஷினெல்லாம் இல்லாத நாடுகளுக்கு அது வரம்.

அதே நட்டு போல்ட்டுதான் இன்னிக்கும் காப்பாத்துது. ஒரு பக்கம் துருப்பிடிச்சா அதை மட்டும் கழட்டி டிங்கரிங் பண்ணலாம். பழைய இரண்டு கதவு மாடலில் மேற்கூரையையே கழட்டலாம். முதல்ல பார்க்க வேண்டியது பெயின்ட்டை இல்லை. சேஸிஸ்ல பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கைகளை. அது பொடிஞ்சா பட்டி பூசி மறைக்க முடியாது. அடுத்தது முன்சக்கரத்தைத் தாங்குற டிரன்னியன். அதுக்கு கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் அடிச்சே ஓட்டினாலோ, காயவிட்டாலோ, மரை துருப்பிடிச்சு ஒருநாள் உடைஞ்சு சக்கரம் படுத்துக்கும்.

பின்பக்க ஸ்விங் ஆக்சில் நம்மூர் ஓனர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரலை. அதனால 1970-களில் வந்த கெஸலில் நேர் ஆக்சில் போட்டாங்க. ஹெரால்டுக்கு நாலு கதவு வைச்சதும் நம்மாளுங்கதான். இங்கிலாந்தில் அந்த மாடலே கிடையாது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்து, படுத்து, 1988-ல் கார் தயாரிப்பே நின்னுபோச்சு. அந்த நிலத்துல இப்ப ஐ.டி. வளாகம். ஸ்பேனர் பிடிச்ச இடத்துல என்னை மாதிரி ஆளுங்க கீபோர்டு தட்டுறோம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஷெட்டில் ஹெரால்டு ஒண்ணு நிக்குது. விலை என் லேப்டாப்பை விடக் கொஞ்சம்தான் அதிகம். "கூரையை வெட்டிட்டு, புது எஞ்சின் மாட்டி, ஸ்பிட்ஃபயர் ஆக்கிடுடா மச்சி"ங்கிறான் நண்பன். ஆசையாத்தான் இருக்கு. ஆனா 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயசு தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ணலாம். மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், பழைய நம்பரையே வெச்சுக்கலாம். தினம் ஆபீஸ் போக முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். முக்கிய நிபந்தனை: சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிசா மாத்தாம அசல் உருவில் இருக்கணும்.

சட்டம் கிடக்கட்டும். ஸ்பிட்ஃபயர் உலகத்துல ஆயிரக்கணக்கில் இருக்கு. மெட்ராஸ் ஹெரால்டு இனி ஒண்ணு கூடப் பிறக்காது. இருக்கிறதை வெட்டி இல்லாத ஒண்ணா மாத்துறது ரீஸ்டோரேஷன் இல்லை, கொலை. வாங்கினா 948 சி.சி.யோடவே வாங்குவேன்.

உங்க தாத்தா வீட்டுக் கொல்லையில ஒண்ணு தார்ப்பாய்க்கு அடியில தூங்குதா? காயலான் கடைக்கு எடை போடுறதுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கைத் தேடி எடுத்து வைங்க சாமி. தகரத்தை அடிச்சு நிமித்திடலாம், பேப்பரைத்தான் டிங்கரிங் பண்ண முடியாது.