மெய்நிகர் வரிசை: கேளிக்கைப் பூங்காக்களில் காத்திருப்பின் வரலாறு

மெய்நிகர் வரிசை என்பது, ஒருவர் நேரில் வரிசையில் நிற்காமல் தம் முறையைப் பதிவுசெய்துவிட்டு, குறித்த நேரத்தில் மட்டும் வந்து சேரும் ஏற்பாடு. கேளிக்கைப் பூங்காக்களில் இது 1999 முதல் பரவியது. காத்திருப்பின் அலுப்பைக் குறைக்க இலவசமாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, கால் நூற்றாண்டுக்குள் பல இடங்களில் பணம் கொடுத்து முந்திச் செல்லும் வசதியாக மாறிவிட்டது.

தென் சென்னையின் பூங்காக்கள்

தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவை மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் 1995-இல் தொடங்கினார். அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் போன்ற பகுதிகளுக்கு அருகிலேயே அமைந்த பெரிய பூங்கா அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்காவும், முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். பூங்காவும் புகழ்பெற்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டது.

ஒரே சீட்டும் நீண்ட வரிசையும்

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினம் ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு வாங்க வேண்டும். பத்து முறை சுற்ற விரும்புபவர் பத்து முறை பணம் கொடுப்பார். அதனால் வரிசை ஓரளவுக்கு மேல் நீள்வதில்லை. அமெரிக்காவின் டிஸ்னிலாந்தும் 1955-இல் திறக்கப்பட்ட சில மாதங்களிலேயே தனித்தனிச் சீட்டுகள் கொண்ட சீட்டுப் புத்தகங்களை விற்கத் தொடங்கியது. 1982-இல் அந்த முறை கைவிடப்பட்டு, ஒரே நுழைவுச் சீட்டில் எல்லா விளையாட்டுகளும் என்ற நிலை வந்தது. இந்தியாவின் பெரிய பூங்காக்கள் பலவும் இதே வழியில் நடக்கின்றன.

ஒருமுறை உள்ளே நுழைந்தபின் எந்த விளையாட்டுக்கும் தனி விலை இல்லை என்றால், எல்லோரும் சிறந்ததை நோக்கியே ஓடுவார்கள். பணத்தின் இடத்தில் நேரம் விலையாகிறது. பூங்கா வரிசைகள் நீண்டதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் அந்த விலையில் ஒரு சமத்துவமும் இருந்தது. பணக்காரரும் ஏழையும் ஒரே வெயிலில் ஒரே நேரம் நிற்க வேண்டியிருந்தது.

ஃபாஸ்ட்பாஸ் முதல் கட்டண முறை வரை

1999-இல் ஃப்ளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் ஃபாஸ்ட்பாஸ் அறிமுகமானது. நுழைவுச் சீட்டை இயந்திரத்தில் செருகினால், திரும்பி வர வேண்டிய நேரம் அச்சிட்ட துண்டுச்சீட்டு கிடைக்கும். அதுவரை மற்ற இடங்களைச் சுற்றிப் பார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு. வரிசையில் நிற்பவர் எதையும் வாங்குவதில்லை. வெளியே உலவுபவர் கடைக்கும் உணவகத்துக்கும் போவார்.

2001-இல் பிரிட்டனின் லோ-க்யூ நிறுவனம், கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவியை அமெரிக்காவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் வாடகைக்கு விட்டது. முறை நெருங்கியதும் கருவி அழைக்கும். இங்கே வரிசை ஒரு விற்பனைப் பொருளானது. 2019 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் திறக்கப்பட்ட ஒரு ஸ்டார் வார்ஸ் விளையாட்டுக்குக் கைபேசி வழியே இடம் கொடுத்தார்கள். காலையில் சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துபோயின. பெருந்தொற்றால் 2020-இல் பூங்காக்கள் மூடப்பட்டபோது ஃப்ளோரிடாவில் இலவச ஃபாஸ்ட்பாஸ் நின்றது. அது திரும்பவில்லை. 2021 அக்டோபரில் அதன் இடத்தில் கட்டண முறை வந்தது.

இந்தியாவில் வொண்டர்லா ‘ஃபாஸ்ட்ராக்’ என்ற கூடுதல் விலைச் சீட்டை விற்கிறது. இதை வாங்குபவருக்குத் தனி வரிசை உண்டு. இது முழுமையான மெய்நிகர் வரிசை இல்லை என்றாலும், முந்திச் செல்வதற்கு விலை வைப்பதில் இரண்டும் ஒன்றே.

இருக்கைகளின் கணக்கு

ஒரு ராட்டினத்தில் 24 பேர் அமரலாம், ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 480 பேர் ஏறுவார்கள். முன்னால் 480 பேர் நின்றால் காத்திருப்பு ஒரு மணி நேரம். இருக்கைகளில் பாதியை முன்பதிவு செய்தவருக்கு ஒதுக்கினால், நேரில் நிற்பவருக்கு மணிக்கு 240 இடமே மிஞ்சும். அதே 480 பேருக்குப் பின்னால் நிற்பவர் இப்போது இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முன்பதிவு செய்துவிட்டு உலவுபவர்கள் வேறு விளையாட்டுகளின் வரிசையில் சேர்வதால் அவையும் நீளும். இருக்கைகள் கூடவில்லை. காத்திருப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறியது, அவ்வளவே.

கோயிலும் ரேஷன் கடையும்

பூங்காக்களுக்கு வெளியே இதே ஏற்பாடு தமிழர்களுக்கு நன்கு பழக்கமானது. திருமலையில் ‘சுதர்சனம்’ என்ற பெயரில் பக்தரின் கையில் பட்டை கட்டித் தரிசன நேரம் குறிக்கும் முறை இருந்தது. அங்கே 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு தரிசனமும் உண்டு. சபரிமலைக்குக் கேரளக் காவல்துறை 2011-இல் இணையவழி மெய்நிகர் வரிசையைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் ஐயப்ப பக்தர்களுக்கு அது வழக்கமாகிவிட்டது. 2020 ஏப்ரலில் தமிழக ரேஷன் கடைகள் 1,000 ரூபாய் நிவாரணம் வழங்கியபோது, நாளும் நேரமும் எழுதிய டோக்கன்கள் வீடு தேடி வந்தன. கைபேசியே தேவைப்படாத மெய்நிகர் வரிசை அது.

ரேஷன் டோக்கனில் ஒவ்வொரு அட்டைக்கும் ஓர் இடம் உறுதி. சபரிமலையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று முன்பதிவுக்கு வரம்பு உண்டு. வருவோரின் எண்ணிக்கையை இடத்தின் கொள்ளளவுக்குள் நிறுத்தினால்தான் காத்திருப்பு உண்மையில் குறையும். எண்ணிக்கையைக் குறைக்காமல் முந்தும் உரிமையை மட்டும் விற்கும் பூங்காவில், சிலரின் காத்திருப்பு குறைகிறது. சாதாரணச் சீட்டு வாங்கிய குடும்பம் அந்த நேரத்தையும் சேர்த்து நிற்கிறது.