வயிற்றில் ஜன்னல்!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குக் கோடையில் போகிறவர்களை உள்ளூர்க்காரர்கள் தவறாமல் அனுப்பிவைக்கும் இடம் ஒன்று உண்டு. மேக்கினா தீவு! ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கும். அதையும் சேர்த்து ‘மேக்கினாக்’ என்று உச்சரித்தால், ‘ஓஹோ, ஊருக்குப் புதுசா!’ என்று புன்னகைப்பார்கள்.

தீவு இருப்பது ஹ்யூரான் ஏரியில். ஏரி என்றதும் நம்ம ஊர் ஏரியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அலையடிக்கிற, எதிர்க்கரை தெரியாத ஏரி. கடலேதான் என்று நினைப்பீர்கள். ஆனால், அள்ளி வாயில் வைத்தால் உப்புக் கரிக்காது. அத்தனையும் நல்ல தண்ணீர்!

கரையிலிருந்து படகில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடும். இறங்கியதும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும்... ஆமாம், கார் சத்தம்! 1898-லேயே மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றபடி கோடையில் எல்லாமே குதிரை வண்டியும் சைக்கிளும்தான். தீவைச் சுற்றிவரும் 13 கிலோமீட்டர் சாலையில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தால் பசிக்கும். அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஃபட்ஜ்! சர்க்கரை, வெண்ணெய், பால் எல்லாம் போட்டுக் காய்ச்சி, பளிங்கு மேஜையில் ஊற்றித் திரட்டும் இனிப்பு. நம் பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த ஃபட்ஜை மென்றபடியே மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால், பழைய கடை ஒன்று வரும். நீங்கள் விழுங்கிய இனிப்பு வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது என்று உலகம் தெரிந்துகொண்ட கதை, அந்தக் கடையில் வெடித்த ஒரு துப்பாக்கியில்தான் ஆரம்பித்தது!

வருடம் 1822. அப்போதும் கோடையில் இந்தத் தீவு நிரம்பி வழியும். ஆனால், வந்தவர்கள் டூரிஸ்ட்டுகள் அல்ல. குளிர்காலம் முழுக்கக் காடுகளில் சேகரித்த விலங்குத் தோல்களைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு வரும் துடுப்புக்காரர்கள். அந்தத் தோல்களை வாங்கியது, ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்ற கோடீஸ்வரரின் ‘அமெரிக்கன் ஃபர் கம்பெனி’. ஜூன் 6-ம் தேதி கம்பெனியின் கடையில் ஒரே கூட்டம். திடீரென்று யாரோ ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மிக அருகில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் துடுப்புக்காரரின் இடது பக்க விலாவையே அது பிய்த்துக்கொண்டு போய்விட்டது. காயத்தின் வழியாக நுரையீரலின் ஒரு பகுதி பிதுங்கி நின்றது. இரைப்பையில் விழுந்த ஓட்டை வழியாக, காலையில் சாப்பிட்டது வெளியே வந்துகொண்டிருந்தது.

மேட்டிலிருந்த கோட்டையிலிருந்து ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் ஓடிவந்தார். ‘பிழைக்க வாய்ப்பில்லை’ என்றுதான் அவரும் நினைத்தார். ஆனாலும் வைத்தியம் பார்த்தார். செயின்ட் மார்ட்டின் பிழைத்தார்! இரைப்பையின் ஓட்டை மட்டும் மூடவில்லை. அதன் விளிம்பு வெளித்தோலோடு ஒட்டி ஆறி, நிரந்தரமாக ஒரு ஜன்னல் உண்டாகிவிட்டது.

துடுப்புப் போட முடியாத துடுப்புக்காரரை யார் வைத்துச் சோறு போடுவார்கள்? ‘இனி எங்களால் செலவு செய்ய முடியாது’ என்று உள்ளூர் நிர்வாகம் கைவிரித்தது. போமான்ட் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அங்கே விறகு வெட்டுவது போன்ற எடுபிடி வேலைகள்... கூடவே, 1825-லிருந்து இன்னொரு ‘வேலை’யும் சேர்ந்துகொண்டது.

சாப்பாட்டை இரைப்பை அரைக்கிறதா, புளிக்க வைக்கிறதா அல்லது ஏதோ ரசாயனத்தால் கரைக்கிறதா என்று ஐரோப்பிய மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. போமான்ட் முன்னாலோ நடமாடும் ஒரு சோதனைச்சாலை! மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி, அந்த ஓட்டை வழியாக உள்ளே விடுவார். மணிக்கணக்குப் பார்த்து வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார். இரைப்பை நீரைக் குழாயில் எடுத்துப் புட்டியில் ஊற்றி, அதில் இறைச்சியைப் போட்டுச் சூடாக வைத்தால், அங்கேயும் அது கரைந்தது. ஆக, ஜீரணம் என்பது ரசாயன வேலை! கோபம் வந்தால் ஜீரணம் கெட்டுப்போவதையும் அவர் கவனித்தார். அடிக்கடி கோபப்பட்டது யார் என்று சொல்ல வேண்டுமா என்ன?

அந்த வருடமே செயின்ட் மார்ட்டின் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணம், குழந்தைகள், கூடவே வறுமை. சில ஆண்டுகள் கழித்து ஆள் அனுப்பி மறுபடி வரவழைத்தார் போமான்ட். 1831-ல் மனைவி, குழந்தைகளோடு திறந்த படகில் மிசிசிப்பி, ஒஹாயோ நதிகள் வழியாக மறுபடி கனடாவுக்குப் பயணம். வயிற்றில் ஓட்டையோடு! 1832-ல் முறையாக ஓர் ஒப்பந்தமே போட்டார்கள். வருடத்துக்கு 150 டாலர், சாப்பாடு, துணிமணி, தங்குமிடம். பதிலுக்கு, டாக்டர் சொல்கிறபடி பரிசோதனைகளுக்கு உடம்பைக் கொடுக்க வேண்டும். ‘எல்லாம் இந்த ஒரு சாண் வயிற்றுக்காகத்தான்’ என்று நாம் அலுத்துக்கொள்வோமே, அதை நிஜமாகவே சொல்லத் தகுதியுள்ளவர் செயின்ட் மார்ட்டின்தான்!

200-க்கும் மேற்பட்ட பரிசோதனைகள். 1833-ல் போமான்ட்டின் புத்தகம் வெளிவந்தது. மருத்துவ உலகம் எழுந்து நின்று கைதட்டியது. டாக்டரை வில்லனாக்கிவிட வேண்டாம். சாகக் கிடந்தவரைக் காப்பாற்றியவர் அவர். ஊர் கைவிட்டபோது சோறு போட்டவரும் அவரே. ஓட்டையை மூடிவிட ஒரு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னதாகவும், செயின்ட் மார்ட்டின்தான் சம்மதிக்கவில்லை என்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார். செயின்ட் மார்ட்டினோ எழுதப் படிக்கத் தெரியாதவர்!

1834-ல் கனடா போன செயின்ட் மார்ட்டின், அதன்பிறகு டாக்டரிடம் திரும்பவே இல்லை. போமான்ட் விடாமல் கடிதம் எழுதிப் பார்த்தார். ‘வா’, ‘பணம் தருகிறேன்’... ஊஹூம்! 1853-ல் டாக்டர் இறந்துபோனார். வயிற்றில் ஓட்டை உள்ளவர் அதற்குப் பிறகும் 27 வருடம் வாழ்ந்தார்!

1880 ஜூனில் செயின்ட் மார்ட்டின் இறந்தபோது, அந்த இரைப்பையை மருத்துவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற வில்லியம் ஆஸ்லரும் அவர்களில் ஒருவர். குடும்பத்தார் மசியவில்லை. கோடை வெயிலில் உடலைச் சில நாட்கள் அப்படியே வைத்திருந்தார்கள். டாக்டர்களுக்கு இனி எந்த விதத்திலும் பயன்படாது என்ற நிலை வந்த பிறகே புதைத்தார்கள். அதுவும் எட்டடி ஆழத்தில், யாரும் தோண்டி எடுத்துவிடக்கூடாது என்று!

மேக்கினா தீவின் அந்தப் பழைய கடை இன்று ஒரு மியூசியம். அதன் பெயரில் கம்பெனி இருக்கிறது, டாக்டர் போமான்ட் இருக்கிறார். செயின்ட் மார்ட்டினின் பெயர் இல்லை. கோடையில் அந்தப் பக்கம் போனால், கடைசிப் படகு பிடிக்க ஓடுவதற்கு முன் உள்ளே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வயிற்றைக் கொடுத்தவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, இப்போதைக்கு அவ்வளவுதான்!